உறுமிக்காரர் மகளுக்குப் பள்ளி பார்த்த கதை

நேர்காணலுக்கு வரும் பிள்ளையிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று போன வாரம் உங்களில் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். பதில் தட்ட உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனது. அதனால் சேர்க்கைப் பிரிவில் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். விண்ணப்பம், மருத்துவச் சான்று, கட்டண விவரம் எல்லாம் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லித் தருவார்கள். நான் அதைப் பற்றிப் பேசப்போவதில்லை.

நம் பள்ளியைத் தமிழ்ப் பெற்றோருக்கு விளக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மலாக்காவில், தங்கா பத்துவில் கடலைப் பார்த்த பழைய பங்களா. நாடகம், ஓவியம், இசை, நடனம். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து படித்து, திடலின் இரண்டு பக்கமும் தனித்தனி விடுதிகளில் தங்குகிறார்கள். சீருடை கிடையாது, மணி அடிப்பது கிடையாது. ஆசிரியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் சனிக்கிழமை கூட்டம். அதில் முதல்வருக்கும் ஓர் ஓட்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஓர் ஓட்டு, சமையலறை அக்காவுக்கும் ஓர் ஓட்டு.

இதையெல்லாம் நான் அழகாகச் சொல்லி முடித்ததும் ஒரு தாய் கேட்டார்: "மணி அடிக்கலன்னா பிள்ளைக்குப் பசிக்குதுன்னு எப்படித் தெரியும் மேடம்?" இன்னொரு தகப்பனார் இரண்டு விடுதிகளுக்கும் நடுவில் சுவர் எவ்வளவு உயரம் என்றார். சுவர் இல்லை, திடலும் ஒரு வார்டனும்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த வார்டன் எவ்வளவு உயரம் என்றார். இவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தாங்கள் பெற்ற பிள்ளையைத் தெரியாதவர்கள் கையில் விட்டுப் போக வந்திருக்கிறார்கள். எதையாவது அளந்து பார்க்கத்தான் செய்வார்கள்.

நான் சொல்ல வந்தது மணியத்தின் குடும்பத்தைப் பற்றி.

கோவிட் அடங்கி, பள்ளி மறுபடி மூச்சுவிட ஆரம்பித்திருந்த நேரம். விடுதிகளில் பாதிக் கட்டில்கள் காலி. நம் அறங்காவலர்கள் நல்ல மனதோடு ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். மலாக்கா வட்டாரத்துப் பிள்ளை ஒன்றுக்குக் கட்டணம் இல்லாமல் இடம். அறிவித்து நாளாகியும் யாரும் வரவில்லை. கட்டணம் இல்லை என்றதும் நம் சனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த முறையும் உள்ளூர்ப் பிள்ளை கிடைக்காவிட்டால் திட்டத்தையே மூடிவிடலாம் என்று அறங்காவலர்கள் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் நேரில் வருவதாக ஏற்பாடு.

அந்த வாரம் பார்த்து மணியம் போன் செய்தார். மெர்லிமாவ் ஆள். பகலில் டயர் கடையில் வேலை, மற்ற நேரத்தில் உறுமி மேளக் குழுவுக்குத் தலைவர். கல்யாணம், கோவில் திருவிழா என்று அவர் குழு போகாத இடம் இல்லை. நம் பிள்ளைகளின் வீடியோ ஒன்றை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். "மேடம், என் மகள அங்கதான் சேர்க்கணும்" என்றார். மூன்றாம் படிவம் முடித்த, பதினைந்து வயது மகள். பெயர் தர்ஷினி.

அப்போதைய நம் முதல்வரை உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வருமுன்பே விலகிப் போய்விட்டார். நாடகத்துறையிலிருந்து வந்தவர். தண்ணீர் கேட்டால்கூடக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படிதான் கேட்பார். மணியத்தின் செய்தியைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா உறுமிக்காரர். அம்மா?"

"கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடறவங்க."

"கலைக் குடும்பம் சரோ. நாமளே எழுதியிருந்தாகூட இப்படி ஒரு குடும்பம் கிடைக்காது. வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க. ரெண்டு ராத்திரி பிள்ளை இங்க தங்கட்டும். ஞாயித்துக்கிழமை சேர்த்துடுவோம். அப்புறம் சாப்பாடு."

வெள்ளிக்கிழமை மதியம் வேன் வந்தது. இரண்டு பக்கமும் மின்னல் எழுத்தில் குழுவின் பெயர், பின்கதவில் பாயும் புலி. முதலில் மணியம் இறங்கினார். கையெல்லாம் தங்கக் காப்பு, முகமெல்லாம் சிரிப்பு. பிறகு அவர் மனைவி தேவி, ஏதோ ஒரு வேலையிலிருந்து நேராக வந்தவர், மேக்கப் பெட்டியோடு. கடைசியாக மகள்.

மடிப்புக் கலையாத பள்ளிச் சீருடை. நெஞ்சில் மாணவர் தலைவி பட்டை. நகம் வெட்டி, தலை படிய வாரி, வெள்ளைக் காலணிக்குப் புதிதாகச் சுண்ணம் பூசி வந்திருந்தாள். நம் வாசலில் அந்த நேரத்தில் பச்சை முடியோடு ஒரு பையன் தலைகீழாக நின்றுகொண்டிருந்தான். கபிலன். விருந்தினருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு அவனுடையது. தர்ஷினி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவன் நேராகும் வரை காத்திருந்து வணக்கம் சொன்னாள்.

முதல் நேர்காணல். நான் மகளைக் கேட்டேன், அப்பா பதில் சொன்னார்.

"உனக்கு எதுல விருப்பம்மா?"

"பாட்டு மேடம்" என்றார் மணியம்.

"நான் பாட மாட்டேன்பா."

"பாத்ரூம்ல நல்லா பாடும் மேடம்."

"அது நான் இல்லப்பா. பைப்பு."

தேவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"டான்ஸ்?" என்றேன்.

"ரத்தத்துலயே இருக்கு மேடம்" என்றார் மணியம். மகள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பெற்றோர் கிளம்பும்போது மட்டும், "அப்பா, நாளைக்கு ஜாசின்ல கல்யாணம். டயர் கடையில லீவு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். மணியம் நெற்றியில் கை வைத்தார். சொல்லவில்லை என்று அர்த்தம்.

கபிலன் அவளைச் சுற்றிக் காட்டப் போனான். நானும் பின்னால் நடந்தேன்.

"இங்க எத்தன மணிக்கு எழுந்திரிக்கணும்?"

"முழிப்பு வந்தா."

"எப்பப் பசியாறணும்?"

"கிச்சன்லருந்து வாசம் வரும்லா. அப்ப."

"லேட்டா வந்தா?"

"எதுக்கு லேட்டா?"

அவள் நின்றுவிட்டாள். சிங்கப்பூரில் இருந்தும் பினாங்கில் இருந்தும் வரும் பிள்ளைகள் அந்த இடத்தில் சந்தோஷத்தில் குதிப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு மயக்கம் வரும்போல் இருந்தது. என்னைப் பார்த்து, "டீச்சர், உங்கள என்னான்னு கூப்பிடணும்?" என்றாள்.

"எல்லாரும் சரோன்னு கூப்பிடறாங்க."

"என்னால முடியாது" என்றாள் மரியாதையோடு. "ஆன்ட்டின்னு கூப்பிட்டுக்கறேன்."

அன்று மாலையிலிருந்து மணியத்தின் குரல் செய்திகள் வர ஆரம்பித்தன. பின்னணியில் மேளச் சத்தம். "மேடம், பாப்பா ஏதாவது பாடிச்சா?" கொஞ்சம் கழித்து, "மேடம், ஆடிச்சா?" அதற்கும் பிறகு, "மேடம், ஏதாவது வரையுதா?" அந்த நேரத்தில் பாப்பா பெண்கள் விடுதியில் மற்ற பிள்ளைகளின் படுக்கை விரிப்புகளை உதறி, மூலை மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். வார்டன் என்னிடம் வந்து, "இந்தப் பிள்ளையை எனக்குக் கொடுத்துடுங்க" என்றார். "நல்லா இருக்கா" என்று மட்டும் மணியத்துக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை கூட்டத்தில்தான் எல்லாம் சூடு பிடித்தது.

அந்த வாரப் பிரச்சினை ஒரு சிற்பம். ஒரு மாணவி உடைந்த நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கோபுரம் செய்திருந்தாள். அதற்குப் பெயர் 'காத்திருப்பு'. செய்ததில் தவறில்லை. பெண்கள் குளியலறை வாசலில் செய்திருந்தாள். உள்ளே போக வேண்டுமென்றால் பக்கவாட்டில் மூச்சைப் பிடித்து நுழைய வேண்டும். அதை நகர்த்தலாமா கூடாதா என்று விவாதம். நகர்த்தினால் அர்த்தம் மாறிவிடும் என்றது ஒரு பக்கம். கலை யாருக்காவது இடைஞ்சலாகத்தான் இருக்க வேண்டும் என்றான் ஒருவன், அவன் ஆண்கள் விடுதி. முதல்வர் கண்களை மூடி, புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மாதிரி விவாதங்களுக்காகத்தான் அவர் உயிர் வாழ்ந்தார்.

தர்ஷினி கை தூக்கினாள். விருந்தாளிக்கு ஓட்டு இல்லை, பேசலாம்.

"பொம்பா வந்தா எந்த வழியா உள்ள வருவாங்க?"

தீயணைப்புக்காரர்களைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை.

"இதுக்கு யாரு பொறுப்பு?" என்று அடுத்த கேள்வி.

"எல்லாரும்" என்றான் கபிலன்.

"எல்லாரும்னா யாரு?"

கபிலன் சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். சமையலறை அக்கா மட்டும் கை தட்டினார்.

அரை மணி நேரத்தில் கோபுரம் திடலின் ஓரத்தில் கெத்தாப்பாங் என்கிற நாட்டு வாதுமை மரத்தடிக்குப் போய்விட்டது. தர்ஷினி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கை மாற்றிக் கை மாற்றி, ஒரு கால்கூட உடையாமல் கொண்டுபோக வைத்தாள். சிற்பி கொஞ்சம் அழுதாள். பிறகு மரத்தடியில் வைத்துப் பார்த்துவிட்டு, இங்கே இன்னும் அதிகமாகக் காத்திருப்பதுபோல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். அன்றே பிள்ளைகள் ஒரு தீர்மானம் போட்டார்கள். தர்ஷினி இங்கேயே சேர வேண்டும் என்று. பெரும்பான்மை ஓட்டில் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் காலையில் அவளால் எழுப்பப்பட்டவர்கள்.

"பார்த்தீங்களா சரோ" என்றார் முதல்வர். "பிறவித் தலைவி. நாளைக்குச் சேர்த்துடறோம்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றினால் உடனே நம்பிவிடக் கூடாது. அந்தி சாயும் நேரத்தில் பிள்ளையைத் தேடிப் போனேன். துவைக்கும் அறையில் நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் துணி இல்லை. கபிலனின் சட்டைகள். அவன் வாழ்நாளில் தேய்த்த சட்டை போட்டிருக்க மாட்டான்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"சும்மா இருந்தா ஒரு மாதிரி இருக்கு ஆன்ட்டி. தேய்ச்சா மனசு சரியாவுது."

நான் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். அவள் தேய்த்துக்கொண்டே பேசினாள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள்.

"எங்க வீட்டுல நேரம்னே ஒன்னு இல்ல ஆன்ட்டி. அப்பாவோட பாய்ஸ் எப்ப வேணா வருவாங்க, எப்ப வேணா சாப்பிடுவாங்க. ஹால்ல ப்ராக்டிஸ். அம்மா கல்யாணப் பொண்ணுக்குப் போட கிளம்பினா இருட்டுலயே போயிடுவாங்க. எல்லாரும் நல்லவங்கதான். என்னைத் திட்டவே மாட்டாங்க. ஆனா எனக்குச் சோறு ஒரே நேரத்துக்கு வேணும். படிக்கறப்போ சத்தம் இருக்கக் கூடாது. இங்கயும் எங்க வீடு மாதிரியே இருக்கு. வீடு கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்."

"அப்ப உனக்கு எங்க படிக்க ஆசை?"

இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். சிரம்பானில் ஓர் அரசாங்கப் பள்ளி, ஆஸ்ரமா, அதாவது தங்கிப் படிக்க விடுதி, உண்டு என்றாள். எழுந்திருக்க மணி, குளிக்க மணி, பசியாற மணி, படிக்க மணி, விளக்கணைக்க மணி. ஒவ்வொரு மணியையும் அவள் சொன்ன விதத்தைப் பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகள் நடிகர்களின் பெயரைத்தான் அப்படிச் சொல்வார்கள். இடமும் கிடைத்திருக்கிறது. வகுப்பு ஆசிரியைதான் விண்ணப்பிக்க உதவியிருக்கிறார்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? உங்க ஸ்கூல் வீடியோவ பார்த்துட்டு அப்பா அழுதாரு."

"எதுக்கு?"

"தெரியல. கேக்கல. அதுக்கு முன்ன அப்பா அழுது நான் பார்த்ததே இல்ல ஆன்ட்டி." ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள். "நான் நாளைக்குச் சரின்னு சொல்லிடறேன். ரெண்டு வருஷந்தானே. நீங்க அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பிள்ளை சரி என்று சொல்லப் போகிறாள். அப்பாவுக்குச் சந்தோஷம், முதல்வருக்குச் சந்தோஷம், திட்டம் பிழைக்கும், மாணவர்கள் ஓட்டே போட்டுவிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சேர்க்கை வேலையில் பெரும்பாலான தவறுகள் இப்படி எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போதுதான் நடக்கின்றன. அழும் பிள்ளை, கத்தும் அப்பா என்றால் நமக்கே எச்சரிக்கை வந்துவிடும். பிடிவாதம் பிடிக்காத, வளர்ந்த பிள்ளை மாதிரிப் பேசும் பிள்ளை வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அது யாருக்காகவோ விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஞாயிறு காலை என் அறையில் ஐந்து பேர். முதல்வர் பட்டிக் சட்டையில் நின்றபடி சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார். கையை விரித்தபோது என் பேனா ஸ்டாண்டு விழுந்தது. மணியம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். தேவி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தர்ஷினி அதே சீருடை, அதே பட்டை.

"என்ன தர்ஷினி, சேர்ந்துடலாமா?" என்றார் முதல்வர்.

அவள் வாயைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு மகன்."

"அவரு இங்கதான் படிச்சாரா?"

முதல்வர் இருமினார். மேடை இருமல் அது, எனக்கு நன்றாகத் தெரியும். அவன் படித்த காலத்தில் இங்கே இடமில்லை, வீடு தூரம் என்று சொல்ல எனக்குப் பத்துக் காரணங்கள் இருந்தன. அறையில் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் இந்தப் பிள்ளை அப்பாவிடம் கேட்க முடியாததை என்னிடம் கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நேற்று அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறாமல் நான் அவளுக்குச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "அவன் உன்ன மாதிரி. சட்டை தேய்க்காம வாசல் தாண்ட மாட்டான். இங்க விட்டிருந்தா முதல் வாரமே என் மேலயே புகார் எழுதியிருப்பான். சாதாரண அரசாங்கப் பள்ளியிலதான் போட்டேன். சந்தோஷமா படிச்சான். இங்க வந்து சந்தோஷமா படிச்ச பிள்ளைங்களையும் எனக்குத் தெரியும். வேற எங்கயும் அவங்களால மூச்சு விட்டிருக்க முடியாது. எந்தப் பிள்ளை எதுன்னு பார்க்கறதுதான் என் வேலை."

முதல்வர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அப்பா" என்றாள் தர்ஷினி. "எனக்கு இது வேணாம்பா. எனக்கு மணி அடிக்கணும்."

மணியம் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் தேவி மெதுவாக.

"என்னா சொன்ன?"

"இது பாப்பாவோட ஆசை இல்ல, உங்க ஆசைன்னு."

"எப்பச் சொன்ன?"

"நீங்க வேன்ல பாட்டு போட்டிருந்தீங்க. கேட்டிருக்காது."

மணியம் எழுந்தார். முதல்வரிடம், "மன்னிச்சுக்குங்க சார், ஞாயித்துக்கிழமையில உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேன்" என்றார். அந்தப் பெரிய உடம்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போல் வெளியே போனார். தர்ஷினி எழப் போனாள். தேவி அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "கொஞ்ச நேரம் விடு. ரொம்ப தூரம் போவ மாட்டாரு, வேன் சாவி என்கிட்டதான் இருக்கு."

முதல்வர் திரும்பினார். "சரோ, அறங்காவலர்கள் கிளம்பிட்டாங்க."

"தெரியும் சார்."

"மீன் எல்லாம் உம்பாயிலருந்து வாங்கியாச்சு."

விழுந்த பேனாக்களைப் பொறுக்கி ஸ்டாண்டில் போட்டேன்.

அப்போது வெளியே ஒரு சத்தம் கேட்டது. கபிலன் தினமும் அந்த நேரத்தில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு பழைய தோல் மேளத்தைப் போட்டு அடிப்பான். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. இணையத்தில் பார்த்துத் தானாகப் பழகிக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லோரும் அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். மணியத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. அடி நின்றது. பிறகு அவர் குரல் கேட்டது.

"தம்பி, கோவிச்சுக்காத. அந்தக் கை என்ன பாவம் செஞ்சிச்சு?"

நாங்கள் வெளியே போய்ப் பார்த்தபோது மணியம் தாழ்வாரப் படியில் உட்கார்ந்து கபிலனின் மணிக்கட்டைப் பிடித்துத் தளர்த்திக்கொண்டிருந்தார். தேவியைப் பார்த்ததும் சாவிக்குக் கை நீட்டினார். வேனில் சாயங்கால நிகழ்ச்சிக்கு ஏற்றியிருந்த உறுமியைக் கொண்டுவந்து தோளில் மாட்டினார். வளைந்த குச்சியால் தோலை ஓர் இழுப்பு இழுத்தார். காலுக்குக் கீழே தரை முனகுவதுபோல் இருந்தது. கோழிகள் ஓடின.

"இந்தப் பக்கம் அடிக்கக் கூடாது தம்பி. தேய்க்கணும். அது பேசும், நீ கேக்கணும். அந்தப் பக்கம்தான் அடி."

முழிப்பு வந்தால் எழும் பிள்ளைகள் எல்லோருக்கும் அன்று ஒரே நேரத்தில் முழிப்பு வந்தது. போர்வையோடு வந்தார்கள், பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்தார்கள். தர்ஷினி பழக்க தோஷத்தில் அவர்களைக் குட்டையானவர்கள் முன்னால் வரும்படி உட்கார வைத்தாள். கபிலனுக்கு முதல்முறையாக ஒரு தாளம் ஒழுங்காக விழுந்தபோது மணியம் அவன் பச்சைத் தலையைத் தடவிக் கொடுத்தார்.

முதல்வருக்கு அறங்காவலர்கள் மறந்துபோனார்கள். "மணியம், நீங்க இங்க வந்து சொல்லித் தர முடியுமா?" என்றார்.

"நானா சார்? நான் படிவம் மூனுகூட முடிக்கல."

"ஓட்டுக்கு விடறேன்" என்றார் முதல்வர். கேட்பதற்குள் எல்லாக் கைகளும் மேலே போயின. ஒருவன் இரண்டு கையையும் தூக்கியிருந்தான். அவனைத் தர்ஷினி கண்டித்தாள்.

மணியம் சிரிக்கவில்லை. உறுமியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இண்டர்வியூ இல்லையா மேடம்?"

"உங்களுக்கு எதுக்குங்க?"

"இல்ல மேடம். எல்லாருக்கும் வைக்கற மாதிரி வைங்க."

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அறைக்குப் போனோம். காலையில் மகள் உட்கார்ந்த நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். தேவியும் தர்ஷினியும் கதவோரம் நின்றார்கள். எந்தப் பிள்ளையிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "இங்க உங்களுக்கு என்ன வேணும்?"

மணியம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார்.

"எஸ்டேட் ஸ்கூல்ல படிச்சப்போ எனக்குக் கை சும்மா இருக்காது மேடம். மேசையில தட்டிக்கிட்டே இருப்பேன். வாத்தியார் ரோத்தான் பிரம்ப எடுப்பாரு. அது வலிக்கும், பொறவு போயிடும். அதுக்கு மேல வெளிய நிக்க வெச்சிடுவாரு. பாட்டு வகுப்புன்னா நான் கட்டாயம் வெளியதான். ஜன்னல் பக்கம் நின்னு கேப்பேன். எல்லாப் பாட்டும் எனக்குத் தெரியும். ஒரு தடவகூட உள்ள இருந்து பாடினது இல்ல." சட்டையின் மேல் பித்தானைத் திருகினார். "உங்க வீடியோல ஒரு பையன் மேசையில தட்டறான். டீச்சரு வந்து பக்கத்துல உக்காந்து கூடவே தட்டறாங்க. அதான் மேடம். நானும் உள்ள இருக்கணும்."

தேவி மேக்கப் கலையாமல் கண்ணைத் துடைப்பது எப்படி என்று அறிந்தவர். விரல் நுனியால் ஒற்றிக்கொண்டார். தர்ஷினி அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இத ஏன்பா என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ எப்பவும் நேரமாச்சுன்னு சொல்லுவியேம்மா."

அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரியாக மடித்துவிட்டாள்.

தர்ஷினி சிரம்பானுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஆஸ்ரமா தலைவியாகி, மணி அடிக்கும் பொறுப்பையே வாங்கிவிட்டாள் என்று கேள்வி. மணியம் சனிக்கிழமைகளில் நம் பிள்ளைகளுக்கு உறுமி சொல்லித் தருகிறார், நீங்களே பார்த்திருப்பீர்கள். தாமதமாகத்தான் வருவார். அதைப் பற்றிக் கூட்டத்தில் விவாதம் நடந்தால் உணர்ச்சிவசப்படாதீர்கள். அறங்காவலர்களும் திட்டத்தை மூடாமல் இன்னொரு வருடம் கொடுத்தார்கள்; அவர் வாயால் கேள்விப்பட்டுத்தான் மறுவருடம் மெர்லிமாவிலிருந்து இரண்டு பிள்ளைகள் அந்தத் திட்டத்தில் சேர்ந்தார்கள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அந்த முதல் கேள்வியைப் பிள்ளையிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அப்பாவிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். அறையில் இரண்டு மூன்று விண்ணப்பதாரர்கள் இருப்பார்கள். பதினைந்து வயதுக்காரர் யார் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடாது.

அன்றைய மதியச் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். அறங்காவலர்கள் வந்தார்கள், மீன் நன்றாக இருந்தது. அவர்களில் மூத்தவர், ஓய்வு பெற்ற ஒரு டாக்டர் அம்மா, முதல்வரைப் பார்த்து, "உள்ளூர்ல யாராவது கிடைச்சாங்களா?" என்று கேட்டார்.

"மெர்லிமாவ் குடும்பம்" என்றார் முதல்வர். "ஒருத்தரைச் சேர்த்திருக்கோம்."

"ரொம்ப நல்லது. எத்தன வயசு?"

முதல்வர் தட்டில் முள் பொறுக்க ஆரம்பித்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நாற்பத்தெட்டு."

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், முதல்வரைப் பார்த்தார், திடலில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்த உறுமிச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"ஹாஸ்டல்ல தங்குவாரா?" என்றார்.

அவர் வீட்டுக்காரம்மாவைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன்.